அம்பின் விறைப்பும் மூன்று பால்களும்

ஆங்கில வில்வித்தை நூல்களைத் தமிழாக்குவோர் முதலில் இடறும் சொல் ‘ஸ்பைன்’ என்பதாகும். முதுகெலும்பு என்னும் அகராதிப் பொருள் இங்குப் பொருந்தாது. அம்புத்தண்டு வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பை, அதாவது விறைப்பையே அது சுட்டுகிறது. மரத்தண்டுகளுக்குரிய வழக்கில், 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுவர். தண்டு அரை அங்குலம் தாழுமாயின், 26ஐ அதனால் வகுத்து 52 பவுண்டு என்பர். இவ்வெண் வில்லின் இழுவிசைக்கேற்பத் தண்டைத் தெரிவதற்கு உதவுவதேயன்றித் தண்டின் எடையன்று. மொழிபெயர்ப்புகளில் இவ்விரண்டும் எளிதில் மயங்கிவிடும்.

இது அசையாத் தண்டின் அளவு. எய்யும்போதோ நாண் பின்னிருந்து தள்ள, முனை தன் எடையால் உடனே நகராது நிற்க, இடைப்பட்ட தண்டு வளைகிறது. வில்லின் ஒரு பக்கத்தில் வைக்கப்பட்ட அம்பு, வில்தண்டைச் சுற்றி நெளிந்து சென்று இலக்கையே அடைவதை ராபர்ட் எல்மர் ‘வில்லாளியின் முரண்’ எனப் பெயரிட்டுக் குறித்தார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் எடுத்த அதிவேகப் படங்கள் அந்நெளிவைக் கண்ணுக்குப் புலப்படுத்தின. முனையின் எடை கூடினால் அதே தண்டு மென்மையுற்றதுபோல் இயங்கும். அப்போது விறைப்பு மிகுந்த தண்டைத் தெரிதல் வேண்டும், அல்லது தண்டின் நீளத்தைக் குறைத்தல் வேண்டும்.

வசிட்டர் பெயரால் வழங்கும் வடமொழித் தனுர்வேதம் அம்புகளை மூன்று பாலாகப் பகுக்கிறது. முன்புறம் பருத்தது பெண். பின்புறம் பருத்தது ஆண். எங்கும் ஒத்த பருமனுடையது நபும்சகம். முதலாவது தொலைவு செல்வதற்கும், இரண்டாவது ஆழத் துளைப்பதற்கும், மூன்றாவது இலக்குப் பயிற்சிக்கும் உரியவை. இலக்கணப் பாற்பெயர்களே கருவிப்பெயர்களாகவும் வந்திருத்தலால், இதனை வெறும் உருவகமெனக் கொண்டு சுருக்கிவிடும் மொழிபெயர்ப்பாளர் தொழிற்செய்தி ஒன்றை இழக்கிறார். சரம் என்னும் வடசொல் நாணல்வகையையும் குறிக்கும். நாணல் அடிபருத்து நுனிசிறுப்பது. எனவே எப்புறம் முனையைப் பொருத்துவது என்பதே பாலைத் தீர்மானித்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

ஆயினும் நூல் பேசுவது பருமனைப் பற்றியே. முன்பருமன் எடையை முன்னுக்குக் கொணரும் என்பது உண்மையே. அதுகொண்டு ‘விறைப்பு’ என்னும் 20ஆம் நூற்றாண்டுக் கருத்தை மூலத்துள் புகுத்துவது மிகையாகும். தனுர்வேதத்தைப் பெயர்ப்போர் ‘பருமன்’ என்றும், எல்மருக்குப் பிந்திய நூல்களைப் பெயர்ப்போர் ‘விறைப்பு’ என்றும் வேறுபடுத்தி எழுதுவதே தக்கது.