காண்ட்ராக்டும் கம்பெனியும்

சென்னைக்கும் மும்பைக்கும் இடையே புகைவண்டியில் சென்றுவரும் நம் குடும்பத்தார் லோனாவ்லாவுக்கும் கர்ஜத்துக்கும் நடுவே உள்ள போர்காட் மலைச்சரிவை நன்கு அறிவர். வண்டி சுரங்கத்தில் நுழைந்ததும் பிள்ளைகள் ஆரவாரிப்பர். ஒப்பந்த வேலை செய்வோர்க்குக் கம்பெனி என்னும் அமைப்பு எதற்கு என்னும் வினாவுக்கு இம்மலைப்பாதையின் வரலாறே விடை கூறுகிறது.

சுமார் 16 மைல் தொலைவில் 1,831 அடி ஏறும் இப்பாதையின் வேலை 1856-இல் தொடங்கிற்று. முதற்கண் ஒப்பந்தம் பெற்றவர் பேவியல் என்னும் ஆங்கிலேயர். கூலி உரிய காலத்தில் கிடைக்காமையால் 1859-இல் தொழிலாளரிடையே கலகம் மூண்டது. அவ்வாண்டே அவர் வேலையைக் கைவிட்டார். அடுத்து ஒப்பந்தமேற்ற சாலமன் டிரெட்வெல் பம்பாய் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே நோயுற்று மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, தக்க மேற்பார்வையாளரை அமர்த்தி வேலையை நடத்தினார். 1863-இல் பாதை திறக்கப்பெற்றது.

அவ்வம்மையாரின் மனவுறுதி போற்றத்தக்கதே. ஆயினும் ஒப்பந்தம் ஒரு தனி மனிதரை நம்பியிருந்தது. அவர் மூச்சு நின்றதும் மலையளவு சுமை ஒரு கைம்பெண்ணின் தோளில் விழுந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

ஒப்பந்தத் தொழிலின் இயல்பே இடர் மிகுந்தது. டெண்டருக்கு டெபாசிட் கட்டவேண்டும். கூலி வாரந்தோறும் கொடுக்கவேண்டும். பில் பணமோ அளவெடுத்துச் சரிபார்த்த பின்னரே வரும். அதிலும் ஒரு பகுதியைப் பிணையாக நிறுத்திவைப்பர். பாறை நினைத்ததினும் கடினமாயிருப்பின் நட்டம் காண்ட்ராக்டரைச் சேரும். கூட்டு வியாபாரமாயின், ஒரு கூட்டாளியின் பிழைக்கு மற்றவரின் வீடும் நிலமும் ஈடாகிவிடும்.

இவ்விடர்க்கு வரம்பு கட்ட எழுந்ததே லிமிடெட் கம்பெனி. பங்குதாரர் தாம் ஒப்புக்கொண்ட பங்குத்தொகைக்கு மேல் பொறுப்பாளியாகாத முறையை இந்தியாவில் 1857-ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்தது. கம்பெனி வேறு, அதனை அமைத்தவர் வேறு என்பதை 1897-இல் சாலமன் என்னும் செருப்பு வணிகரின் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தெளிவுபடுத்திற்று. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் இருவர் மட்டுமே சேர்ந்து பிரைவேட் கம்பெனி அமைக்க வழிவகுத்தது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனியொரு ஆள். அமைத்தவர் மறைந்தாலும் அது மறைவதில்லை.

நம் வண்டி கடந்து செல்லும் சோலாப்பூரில் 1882-இல் பிறந்தவர் வால்சந்த் ஹிராசந்த். குடும்பத் தொழிலில் மனம் பற்றாத அவர், லட்சுமண்ராவ் பலவந்த் பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ரயில்வே காண்ட்ராக்டரானார். அந்தப் பாடக் யார் தெரியுமா? ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர்! முதலும் துணிவும் ஒருவரிடம். அளவு, பில், விதி ஆகியவற்றின் நுட்பம் மற்றவரிடம். அக்கூட்டு பின்னர் பாடக்-வால்சந்த் என்னும் பிரைவேட் கம்பெனியாயிற்று; 1920-இல் டாட்டா கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியுடன் இணைந்தது. டிரெட்வெல் ஒப்பந்தமேற்ற அதே போர்காட்டில் புதிய சுரங்கங்கள் அமைக்கும் பணியும் வால்சந்த் நடத்திய நிறுவனத்துக்குக் கிட்டிற்று. 1926-இல் அவர் ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியைத் தொடங்கினார். 1953-இல் அவர் காலமானார். கம்பெனி காலமாகவில்லை. 2009-இல் திறக்கப்பெற்ற பாந்த்ரா-வொர்லி கடற்பாலம் அக்கம்பெனி கட்டியதே.

எனினும் லிமிடெட் என்னும் சொல்லை மந்திரக் கவசமாகக் கருதுதல் பேதைமை. புதிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, இயக்குநரின் சொந்தக் கையொப்பத்தையும் பிணையாகக் கேட்கும். கையொப்பமிட்ட அளவுக்கு வரம்பு கரைந்துபோகும். கணக்குத் தணிக்கையும் ஆண்டறிக்கையும் தவறாது செய்யவேண்டியவை. மேலும், கம்பெனி நொடித்துப்போனால் முதலாளியின் வீடு தப்பலாம். மண் சுமந்தவன் கூலி என்னாவது? பேவியல் காலத்துக் கலகம் எழுப்பிய கேள்வி இதுவே. இதற்கு விடையாக, காண்ட்ராக்டர் கூலி தராவிடின் வேலை கொடுத்தவரே தரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பொறுப்புக்கு வரம்பு உண்டு. நேர்மைக்கு வரம்பு இல்லை.

நம் காலனியில் அளவு எடுப்போர், பில் எழுதுவோர், கணக்குச் சரிபார்ப்போர் பலர் உளர். மாதச் சம்பளம் என்னும் நிழலில் வளர்ந்த நாம், பிள்ளைகளையும் அந்நிழலிலேயே நிறுத்த விழைகிறோம். அரசுப் பணியில் இருக்கும் நாம் அனுமதியின்றி வணிகம் செய்தல் கூடாது. பொறியியல் பயின்ற நம் மைந்தர்க்கும் மகளிர்க்கும் அத்தடை இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒருவரே தனியாகக் கம்பெனி அமைக்கவும் இடம் தந்துள்ளது. தமக்குப் பின் அதனை ஏற்பவர் பெயரையும் தொடக்கத்திலேயே குறிக்கச் செய்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் முதியோர் மொழி. ஆழத்தை அளந்து கூற வல்லவர் நம்மிடையே இருக்கையில், துணிவுள்ள இளைஞரைக் கரையிலேயே நிறுத்திவைப்பது முறையன்று. அன்று ஒரு குமாஸ்தாவின் கணக்கறிவு வால்சந்துக்குத் துணை நின்றது. நம் அறிவு நம் மக்களுக்குத் துணை நிற்பதாக.