சிறு கணிப்பொறியும் அதன் பெயர்ச்சீட்டும்

நம் திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலில் கல்வெட்டுகள் உள. கோயிலினுள் நுழையவே உரிமையற்றிருந்த நம் முன்னோர் அவற்றை எங்ஙனம் படித்திருப்பர்? பொருள் கண்ணெதிரே இருந்தும், அதன் மேலுள்ள எழுத்தைப் படிக்க இயலாதார்க்கு அதன் வரலாறு அந்நியமே. இக்காலக் கணிப்பொறிக்கும் இது பொருந்தும்.

1984ஆம் ஆண்டில் நடுவணரசு, பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்த ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தொடக்கத்தில் நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளே தேர்வு பெற்றன. சேரிப் பிள்ளைகள் எத்துணைப் பேர் அப்பொறியைத் தொட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்க. அப்பள்ளிகளுக்கு வந்தது, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘பி.பி.சி. மைக்ரோ’ ஆகும். அதனையே மொகாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரிலும் செய்தளித்தது. பெயர் வேறு, பொறி ஒன்றே.

இதற்கு மாறான நிலையும் உண்டு. பி.பி.சி. மைக்ரோவில் ‘ஏ’, ‘பி’ என இரு வகைகள் இருந்தன. முன்னதன் நினைவகம் 16 கிலோபைட்டு; பின்னதன் நினைவகம் 32. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அடிப்புறச் சீட்டிலுள்ள வரிசை எண்ணில் ‘ஏ.என்.ஏ. 01’ என்றிருப்பின் ‘ஏ’ வகை; ‘ஏ.என்.பி. 01’ என்றிருப்பின் ‘பி’ வகை. ஆயினும் சீட்டை மட்டும் நம்புதல் தகாது. ‘ஏ’ வகையை வாங்கினோர் பலர் பிற்காலத்தில் நினைவகம் கூட்டி அதனைப் ‘பி’ வகைக்கு உயர்த்தினர். சீட்டு பொறியின் பிறப்பை உரைக்குமேயன்றி வளர்ப்பை உரையாது. மின்விசையை இட்டவுடன் திரையில் தோன்றும் ‘16 கே’ அல்லது ‘32 கே’ என்பதே அப்போதைய உண்மையைக் காட்டும். கல்வெட்டாராய்ச்சியிலும் மூலப் பகுதியையும் பிற்சேர்க்கையையும் பிரித்தறிவது இத்தகையதே.

2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. நம் இல்லங்கள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி அதுவே. எல்காட் நிறுவனத்தின் வாயிலாக, லெனோவோ, ஏசர், எச்.சி.எல். முதலிய பல நிறுவனங்களிடமிருந்து அவை வாங்கப்பெற்றன. ஆனால் ஊரார் அனைத்தையும் ‘அரசு லேப்டாப்’ என்ற ஒரே பெயரால் அழைத்தனர். சார்ஜர் பழுதுற்றுக் கடைக்குச் சென்றபோதுதான் இடர் தோன்றிற்று. “என்ன மாடல் தம்பி?” என்ற வினாவுக்கு விடை கூற அறியாத பிள்ளை, கடைக்காரர் கொடுத்ததை அவர் சொன்ன விலைக்கு வாங்கி வந்தான். கூலி வேலை செய்யும் தாயின் பணம் அது.

இளைஞர்களே! மூடியின் மேலுள்ள பெரிய எழுத்து பெரும்பாலும் குடும்பப் பெயரே. அடிப்புறச் சீட்டில் ‘மாடல்’ என்ற சொல்லை அடுத்து வருவதே பொறியின் இயற்பெயர். ‘சீரியல் நம்பர்’ அந்த ஒரு பொறிக்கே உரியது. புதிய சார்ஜரின் முனை பொருந்தவேண்டும். வோல்ட் அளவு சீட்டிலுள்ளதனோடு ஒத்திருக்கவேண்டும். ஆம்பியர் அளவு குறைதலாகாது, மிகினும் தீங்கில்லை. சீட்டு தேய்ந்து அழிந்திருப்பின், விண்டோஸ் பொறியில் ‘எம்.எஸ். இன்ஃபோ 32’ என்னும் கட்டளையை இட்டால் ‘சிஸ்டம் மாடல்’ என்ற வரியில் பெயர் தோன்றும். அதனைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்க. பொறியே இயங்காத நாளில் அவ்வெழுத்துத்தான் உதவும்.