ஆலமரத்தடியும் கைபேசித் திரையும்

1850களில் மும்பை நகர மண்டபத்தின் எதிரே, ஆலமர நிழலில் கூடிப் பங்குகளை வாங்கி விற்ற தரகர்கள் ஒரு சிலரே. அக்கூட்டம் பெருகி 1875இல் சங்கமாயிற்று. அதுவே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர், சூரத்தில் பிறந்த சமணப் பெருவணிகர் பிரேம்சந்த் ராய்சந்த். அமெரிக்க உள்நாட்டுப் போரால் எழுந்த பருத்தி விலையேற்றத்தில் பெரும்பொருள் ஈட்டி, 1865இல் விலை வீழ்ந்தபோது பேரிழப்புக்கு உள்ளானவர். மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தின் இராஜாபாய் கோபுரம் அவர்தம் அன்னையார் பெயரால் அமைந்தது. கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்புடைய அவ்வம்மையார்க்குப் பொழுதறிவிக்கவே அதன் மணி ஒலித்தது என்று அந்நகரத்தார் கூறுவர்.

நூறாண்டுக்கு மேலாக அச்சந்தை குரலால் நடந்தது. தலால் தெருவின் வணிகக் கூடத்தில் ('தலால்' என்பதற்கே தரகர் என்பதுதான் பொருள்) தரகர்கள் நெருங்கி நின்று விலை கூவுவர்; விரல்களால் குறிகாட்டுவர்; முடிந்த பேரத்தைச் சிற்றேட்டில் குறித்துக்கொள்வர். சொன்ன சொல்லே ஒப்பந்தம். சொல் பிறழ்ந்தவரோடு பேரம் பேச மறுநாள் பிறர் தயங்குவர்.

இப்பெருமைக்கு மறுபக்கமும் உண்டு. கூடத்தில் பங்கு எவ்விலைக்குக் கைமாறியது என்பதை வெளியூரிலிருந்து பணம் அனுப்பியவர் அறிய வழியில்லை. தரகர் எழுதியனுப்பிய விலையே விலை. வாங்கிய பங்கின் சான்றிதழ் அஞ்சலில் வரும். பெயர் மாற்றத்திற்கு அனுப்பினால், விற்றவரின் கையொப்பம் பொருந்தவில்லையென்று நிறுவனத்திலிருந்து திரும்பி வரும். போலிச் சான்றிதழ்களும் உலவின.

1992ஆம் ஆண்டின் பங்குப்பத்திர ஊழல் பழைய முறையின் ஓட்டைகளை நாடறியச் செய்தது. அவ்வாண்டே 'செபி' சட்ட வலிமை பெற்றது. நிதி நிறுவனங்களின் முயற்சியால் தேசியப் பங்குச் சந்தையும் பதிவாயிற்று. அது தரகர்களின் உடைமையன்று என்பது கருதத்தக்கது. தம் கூடத்தைத் தாமே கலைக்க எந்தத் தரகர்தாம் முன்வந்திருப்பார்?

1994 நவம்பரில் அங்குப் பங்கு வணிகம் தொடங்கியபோது கூடமே இல்லை. தரகர் அலுவலகக் கூரையில் செயற்கைக்கோள் அலைவாங்கி; உள்ளே கணினித் திரை. சிறந்த விலை கூறியவர்க்கு முதலிடம். விலை ஒத்திருப்பின் முந்திப் பதிந்தவர்க்கு முதலிடம். எதிர்ப்புறம் இருப்பவர் யாரெனத் திரை காட்டாது. நாளங்காடி, அல்லங்காடி என மதுரைக்காஞ்சி காலந்தொட்டுச் சந்தையை ஓர் இடமாகவே கண்ட தமிழர்க்கு, இடமும் முகமும் அற்ற இச்சந்தை வியப்பாகவே இருந்திருக்கும். எனினும் ஓராண்டுக்குள் அது வணிக அளவில் மும்பைச் சந்தையை விஞ்சியது. மும்பைச் சந்தையும் 1995இல் திரைக்கு மாறியது. 1996இல் வைப்பகச் சட்டம் வந்தது. தாள் சான்றிதழ்கள் படிப்படியாக டீமாட் கணக்கின் பதிவுகளாயின.

நாட்டில் அப்போது இருபதுக்கு மேற்பட்ட சந்தைகள் இருந்தன. தொலைவே அவற்றுக்கு உயிர். மும்பை எட்டாத் தொலைவில் இருந்தவரை ஊர்ச்சந்தைக்கு வேலை இருந்தது. மும்பையின் விலை மதுரையிலும் அதே நொடியில் தெரிந்தபின், சென்னையில் ஒரு சந்தை எதற்கு? 1937இல் உருப்பெற்று, செகண்ட் லைன் பீச்சில் இயங்கிய சென்னைப் பங்குச் சந்தை, வணிகம் வற்றி, 2015இல் செபியின் ஆணையோடு விடைபெற்றது. கோவையின் சந்தையும் அவ்வாறே மறைந்தது. அவற்றை நம்பியிருந்த சிறு தரகர்களுள் பலர் பெரிய நிறுவனங்களின் துணைத் தரகராயினர்.

இன்று திரை கைபேசிக்குள் அடங்கிவிட்டது. 2023 ஜனவரி முதல், வாங்கிய பங்கு மறு வேலைநாளிலேயே கணக்கில் சேர்கிறது. விலையை மறைக்க எவராலும் இயலாது. சிற்றூர் ஆசிரியரும் பெருவணிகரும் காண்பது ஒரே விலை. இது பெரும்பேறே. ஆயினும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர், 2022 மார்ச்சு முதல் 2024 மார்ச்சு வரை முடிந்த மூன்று நிதியாண்டுகளில் இழப்பே கண்டனர் என்று செபியின் 2024ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. பழைய தரகர் விலையில் ஏமாற்றியிருக்கலாம். ஆனால் குடும்பநிலை அறிந்தவராயின், மகள் திருமணத்திற்கு வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு வந்தவரை அமரவைத்து, இது வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் இருந்தது.