கல்ஹணரும் வரலாற்று நடுநிலையும்

அரசர் புகழைப் பாடுதல் எளிது. அவர்தங் குற்றத்தை மறையாது வரைதல் அரிது. அவ்வருஞ்செயலைக் காஷ்மீரத்துக் கல்ஹணர் இயற்றிய இராஜதரங்கிணியிற் காணலாம்.

வடமொழிச் செய்யுளாலாகிய இந்நூல் கி.பி. 1148-இல் தொடங்கி 1150-இல் நிறைவெய்தியது. 8 தரங்கங்களை உடையது. முன்னோர் நூல்கள் 11-ஐயும் நீலமத புராணத்தையும் ஆராய்ந்து, திருக்கோயிற் கல்வெட்டுக்களையும் அறப்பட்டயங்களையும் கண்டு ஐயமகற்றியதாக ஆசிரியரே கூறுகின்றார். மிகப் பழைய பகுதியில், ரணாதித்தன் ஒருவனே 300 ஆண்டு அரசாண்டான் என்பது போன்ற ஒவ்வாத செய்திகளும் உள. தம் காலத்தை அணுகுந்தோறும் அவர் உரை தெளிவுறுகின்றது.

கல்ஹணர் தரங்கந்தோறும் மாதொருபாகனை முதற்கண் வாழ்த்தும் சிவநேயச் செல்வர். அவர் தந்தையார் சண்பகர், ஹர்ஷன் (1089–1101) என்னும் காஷ்மீர வேந்தனுக்கு அமைச்சர். கன்னோசியாண்ட ஹர்ஷன் வேறு, இவன் வேறு. இவ்வேந்தன் பொருள் வேட்கையாற் கோயில்களைக் கொள்ளையிட்டுத் திருவுருவங்களை உருக்கினான். அத்தீவினைக்கெனத் தனி அதிகாரியையும் அமைத்தான். தந்தையைப் புரந்தவன் என்று கருதி அக்கொடுமையைக் கல்ஹணர் மறைத்தாரல்லர். கோயிலைச் சிதைத்தவன் என்று முனிந்து அவனது புலமையையும் இசைத்திறனையும் ஈகையையும் ஒளித்தாருமல்லர். பழஞ்செய்தி கூறுவோன் விருப்பு வெறுப்பற்ற நடுவனாதல் வேண்டுமென்று நூன்முகத்துத் தாம் விதித்த நெறியினின்றும் ஈண்டு அவர் வழுவிற்றிலர்.

சமயப்பற்றுடையார் மெய்வரலாறு எழுதவொண்ணாது என்பார்க்கு இந்நூலே விடையாம். இறைவன்பால் அன்பு மெய்யின்பால் அன்பேயாதலின், திருக்கோயில் வரலாறு வரையப் புகுவோர் கல்லுஞ் செம்பும் கூறுவனவற்றை முன்வைத்து, தமக்கு உவப்பாயினவற்றோடு உவவாதவற்றையும் ஒருங்கு எழுதுதல் கடனாம்.