திரும்பிப் போகும் ஊர்: அயல்நாட்டார் பிள்ளைகளுக்கான பள்ளிகளின் வரலாறு

பிழைப்பின் நிமித்தமோ சமயப் பணியின் நிமித்தமோ அந்நிய தேசமொன்றில் சில காலம் தங்கி வாழ்வோர், தம் பிள்ளைகளை எங்கே வைத்து, எந்தப் பாடத்தைக் கொண்டு படிப்பித்தார்கள் என்னும் கேள்வி, மேலோட்டமாக நோக்குமிடத்துப் பெருநகரத்துச் செல்வக் குடும்பங்களை மட்டும் பற்றியதாகவே தோன்றும். ஆயினும் நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக ஏறிவரும் சாலையில், ரப்பர் மரங்களின் நிழலுக்குள் அடங்கிக் கிடக்கும் கீரிப்பாறையில் இருந்துகொண்டு சிந்திப்பவர்க்கு அது வீட்டு வாசலிலேயே நிற்கும் கேள்வியாகும். இந்த மலைத்தொடரில்தான் 1860களில் ஐரோப்பியத் துரைமார் காப்பித் தோட்டம் போட்டார்கள். இதன் அடிவாரத்துச் சமவெளியில்தான் அவர்களுக்கும் முன்பே லண்டன் மிஷன் பாதிரிமார் குடியேறினார்கள். பிற்காலத்தில் கடல் கடந்து திரும்பி வந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளரும் இங்கேதான் குடியமர்த்தப்பட்டார்கள். இம்மூவரின் பிள்ளைகளும் ஓரிடத்தில் வாழ்ந்து வேறோரிடத்துக்கு உரியவராகக் கருதப்பட்டவர்கள்.

முதலில் பாதிரிமாரை எடுத்துக்கொள்வோம். 1806இல் ரிங்கல்தொபே மயிலாடியில் தொடங்கிய பணியை, 1818இல் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்குக் கொண்டு வந்து விஸ்தரித்தார். ஆண்பிள்ளைகளுக்கான செமினரியும், மார்த்தா மால்ட் அம்மையார் போன்றோர் பெண்பிள்ளைகளுக்கு நடத்திய விடுதிப் பள்ளியும், அங்கே கற்பித்த லேஸ் பின்னலும் தென் திருவிதாங்கூரின் சமூக வரலாற்றையே மாற்றியமைத்தவை. ஆனால், ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இம்மனிதர்களின் சொந்தப் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளி இல்லை. ஆறேழு வயதானவுடன் பிள்ளையைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்புவதே அக்காலத்து ஆங்கிலேயக் குடும்பங்களின் சம்பிரதாயமாயிருந்தது. இவ்வாறு வந்து சேரும் மிஷனரிகளின் குழந்தைகளுக்கென்றே லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் 1838இல் பெண்களுக்கும் 1842இல் ஆண்களுக்கும் தனித்தனிப் பள்ளிகள் ஏற்பட்டன. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படும் வரையில் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் அந்தப் பிரயாணம் மாதக்கணக்கில் நீளும். போன பிள்ளையைத் தாய் மீண்டும் காணும்போது அது தாயை அடையாளம் காணாத வயதை எட்டியிருக்கும். பாதிரிமார் குடும்பங்களில் மட்டும் நிகழ்ந்ததன்று இது; துரைமார் வீடுகளிலும் இதுவே வழக்கம். பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கும் அவருடைய தங்கையும் 1871இல் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் ஓர் அந்நியர் வீட்டில் விடப்பட்டபோது அண்ணனுக்கு வயது ஐந்து, தங்கைக்கு மூன்று. பெற்றோர் சொல்லிக்கொள்ளாமலே கப்பலேறிவிட்டனர். அந்த வடு அவருடைய எழுத்தில் கடைசி வரை ஆறவில்லை.

இந்தப் பிரிவுத் துயரத்துக்கு மாற்றுக் கண்ட இடமே மலைவாசஸ்தலப் பள்ளி. வடக்கே முசூரியில் 1854இல் உட்ஸ்டாக் பள்ளியும், நீலகிரியின் குன்னூரில் 1899இல் ஹெப்ரான் பள்ளியும் தோன்றின. எனினும் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பொருந்துவது கோடைக்கானலே. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனார், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்த பின்னர், பழனி மலையின் உச்சியில் 1845இல் இரண்டு வீடுகள் கட்டிக் குடிபுகுந்தார்கள். ஓய்வுக்கென ஏறிய மலையில் பள்ளியும் வரலாம் என்னும் எண்ணம் செயலாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மகன் ஷெர்வுட் எட்டியைக் காண அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மார்கரெட் எட்டி என்ற மாது, ஹைகிளார்க் என்னும் பெயருடன் தங்கும் விடுதியாக இருந்த கட்டடத்தில், 1901 ஜூலையில் 13 பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு தாய் தொடங்கிய பள்ளி இது என்பதை நான் தற்செயலாகக் கருதுவதில்லை.

அந்நாளில் நெய்யூரிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ஒரு பிள்ளை கோடைக்கானலுக்குப் போவதென்றால் அது லேசான காரியமன்று. குமரி மண்ணில் ரயில் ஓடியது 1979இல்தான். ஆகவே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் திருநெல்வேலியை அடைந்து, அங்கிருந்து ரயிலேறி, கோடை ரோடு நிலையத்தில் இறங்கி, மறுபடியும் வண்டி கட்டி மலையடிவாரம் சேர்ந்து, பின் கூலியாட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டும். மோட்டார் செல்லும் சாலை முதல் உலகப் போரின்போதுதான் திறந்தது. இத்தனை சிரமமும் கடற்பிரயாணத்தின் முன் பெரிதல்ல. ஏனெனில் சித்திரை வெயிலில் பெற்றோரும் மலையேறி வந்து பிள்ளையோடு சில வாரங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ முடிந்தது.

பிள்ளை அருகில் வந்துவிட்டது. பாடமோ அமெரிக்காவிலேயே இருந்தது. என்றேனும் தாயகம் திரும்பிக் கல்லூரியில் சேரவேண்டும் என்பதே குறிக்கோளாகையால், அமெரிக்கப் பாடத்திட்டமே நெடுங்காலம் அங்கே ஆட்சி செலுத்திற்று. சுதந்திரத்துக்குப் பின் அந்நிய மிஷனரிகளின் தொகை குறையக் குறைய, அந்த அடித்தளம் ஆட்டங்கண்டது. 1970களில் இப்பள்ளி இந்தியப் பிள்ளைகளையும் பிற நாட்டாரையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு, கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்னும் புதுப் பெயரும் பூண்டது. ஜெனீவாவில் 1968இல் நிறுவப்பட்டிருந்த இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்னும் திட்டத்தை 1976இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்றதும் இப்பள்ளிதான். இதுவே இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் என்பது என் அபிப்பிராயம். திரும்பிப் போகும் ஊர் எதுவென்று நிச்சயமில்லாத பிள்ளைக்கென, எந்த ஒரு தேசத்துக்கும் உரித்தாகாத பாடம் அப்போதுதான் தமிழ் மண்ணில் கால் ஊன்றிற்று.

அதன் பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். கொழும்பில் 1957 முதலே அயல்நாட்டார் பிள்ளைகளுக்கு ஓவர்சீஸ் பள்ளி இருந்தது. சென்னைக்குப் போர்டு, ஹூண்டாய் போன்ற மோட்டார்க் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தை ஒட்டி 1995இல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி எழுந்தது. இப்போது தரமணியில் நடக்கும் அது, அமெரிக்கப் பாடமுறையையும் பாக்கலோரியேட்டையும் ஒருங்கே கற்பிக்கிறது. மலையில் பிறந்த பள்ளி இவ்வாறு நகரத்துக்கு இறங்கியது. பிள்ளை விடுதியில் தங்காமல் மாலையில் வீடு திரும்பியது.

இனி, தொடக்கத்தில் குறித்த மூன்றாவது கூட்டத்தாரான இலங்கைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குமரி மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. அத்தோட்டங்களை நடத்த 1984இல் அரசு ரப்பர் கழகம் ஏற்பட்டது. கீரிப்பாறையும் அதன் பிரிவுகளுள் ஒன்று. இருள் பிரியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையைச் சாய்வாகக் கீறி, வடியும் பாலுக்குச் சிரட்டையை நேராக்கி வைத்து அடுத்த மரத்துக்கு நகரும் இவர்களுள் பலருடைய பாட்டன்மார் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமைகளிலிருந்து இலங்கைக்குச் சென்றவர்கள். தாயகம் திரும்பியோர் என்று சர்க்கார் ஏடு இவர்களைக் குறித்தது. உண்மையில், கண்ணால் காணாத தாயகத்தில், உற்றார் ஒருவரும் இல்லாத மாவட்டத்தில் இவர்களுடைய பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பாடமொழி தமிழே ஆனமையால், இப்பிள்ளைகளுக்குத் தனியாக ஏதேனும் வேண்டியிருக்குமோ என்ற கேள்வி எழாமலே போயிற்று. தேயிலைத் தோட்டத்து லயன் பள்ளியில் இலங்கைச் சரித்திரம் படித்த குழந்தை, இங்கே இந்தியச் சரித்திரத்தை நடுவிலிருந்து தொடங்கிற்று; மலையாளம் கலந்த நாஞ்சில் தமிழ் அதன் காதுக்கு முற்றிலும் புதிது.

அயல்நாட்டார் பள்ளிகளின் சரிதத்தை எழுதப் பழைய மாணவர்களின் சங்கங்களும், கடிதங்களும், ஆண்டு மலர்களும் துணை நிற்கின்றன. தோட்டத்துப் பள்ளிகளுக்கு அத்தகைய சாதனம் சேர்க்கைப் பதிவேடு ஒன்றே. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் ஹட்டன், பதுளை, நுவரெலியா என்று எழுதப்பட்ட அந்த ஏடுகள் மழைக்காற்றிலும் கரையானிலும் அழிந்துபோகுமுன், அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கவேண்டும் எனத் தலைமையாசிரியர்களையும், கப்பலில் வந்து இறங்கிய நாளை நினைவிலே வைத்திருக்கும் மூத்தோர் தம் முதல் வகுப்பைப் பற்றி நாலு பக்கமாவது எழுதிவைக்கவேண்டும் என அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.