பாட்டிக்கு இலவசம், தாத்தாவுக்கு டிக்கெட்: முதியோர் பஸ் சலுகையின் கதை

1/ பிரஷர், சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் வர்ற பெரியவர் திடீர்னு வரலைன்னா, "அக்கறை இல்லை"ன்னு ஈசியா சொல்லிடுவாங்க. பல நேரம் காரணம் பஸ். முதியோர் பஸ் சலுகை எங்க ஆரம்பிச்சு, நம்ம கள்ளக்குறிச்சி பக்கம் எந்த அளவுக்கு வந்திருக்குன்னு பார்ப்போம். கொஞ்சம் நீளமான இழை.

2/ இங்கிலாந்தின் பர்மிங்காம், 1953. மாநகராட்சியே பஸ் ஓட்டிய ஊர். 70 வயதான ஆண்களுக்கும் 65 வயதான பெண்களுக்கும் இலவசப் பயணம்னு முடிவெடுத்தாங்க. வரி கட்டும் ஒருத்தர் கேஸ் போட்டார். மக்கள் வரிப்பணத்தை எடுத்து ஒரு பிரிவினருக்கு மட்டும் தானம் தர மாநகராட்சிக்கு அதிகாரம் இல்லைன்னு தீர்ப்பு வந்தது.

3/ "யார் வீட்டுக் காசு?"ங்கற இன்றைய கேள்வி அப்பவே கோர்ட் ஏறியிருக்கு, பாருங்க. பதிலைச் சட்டம்தான் சொல்லிச்சு. நடப்பில் இருந்த சலுகைகளை 1955 சட்டம் காப்பாத்துச்சு. 1964ல் அது இன்னும் விரிவாச்சு. 2008ல் இங்கிலாந்து முழுக்க எந்த ஊர் உள்ளூர் பஸ்ஸிலும் முதியோருக்கு இலவசம் (காலை நெரிசல் நேரம் தவிர).

4/ பாஸ் வச்சிருக்கும் முதியோர் அதிகம் நடக்கறாங்கன்னு பின்னாடி அங்க நடந்த ஆய்வுகள் சொல்லுது. பஸ்ல போறவங்க எப்படி நடப்பாங்க? ஸ்டாப் வரைக்கும் நடக்கணும் இல்லீங்களா!

5/ நம்ம நாட்டுக்கு வருவோம். ரயிலில் 60 வயதான ஆணுக்கு 40%, 58 வயதான பெண்ணுக்கு 50% சலுகை இருந்தது. 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில் நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் திரும்ப வரலை. கர்நாடகா அரசு பஸ்ஸில் முதியோருக்கு 25% தள்ளுபடி. மகாராஷ்டிராவில் 2022லிருந்து 75 வயது தாண்டினா முழு இலவசம்.

6/ தமிழ்நாட்டில் 2016 பிப்ரவரியில், ஜெயலலிதா ஆட்சியில், 60 வயதானவர்களுக்கு மாசம் 10 இலவச டோக்கன் வந்தது. ஆனா சென்னை மாநகர பஸ்ஸுக்கு மட்டும்.

7/ 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எல்லாப் பெண்களுக்கும் இலவசம். மு.க.ஸ்டாலின் முதல்வரானதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று. பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடைச்சது. இன்னைக்கு இதுக்குப் பேர் விடியல் பயணம்.

8/ இது முதியோர் திட்டம் இல்லை. ஆனா லட்சக்கணக்கான பாட்டிகளுக்கு இதுதான் முதியோர் திட்டம். பக்கத்து சீட்டில் உட்காரும் தாத்தா டிக்கெட் எடுக்கணும். மாசம் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷனில் வாழறவருக்கு அது சின்னக் காசு இல்லை.

9/ இன்னொரு சிக்கல் "டவுன் பஸ்"ங்கற வார்த்தை. மலைக்கு ஏறும் பஸ் அந்த வகையில் வராது. அதனாலதான் 2024 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மாதிரி மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தறோம்னு தனியா அறிவிக்க வேண்டி வந்தது. இடையில் போனது கிட்டத்தட்ட 3 வருஷம்.

10/ இப்ப கல்வராயன் மலை. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். ஜாகிர்தார்கள் கையில் இருந்த இந்த மலையை அரசு ஏத்துக்கிட்டதே 1976ல் தான். சமவெளியில் பஸ் கம்பெனிகள் அரசுடைமையாகி, போக்குவரத்துக் கழகங்கள் ஓடிக்கிட்டிருந்த காலம் அது. சாலை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாமே இங்க தாமதமாத்தான் தொடங்கிச்சு.

11/ கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமாச்சு. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. நல்ல விஷயம். ஆனா அது இருக்கறது கீழே. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கற கிராமத்துப் பெரியவர் முதல்ல மெயின் ரோட்டுக்கு வரணும், அப்புறம் மலை இறங்கணும்.

12/ மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போகுது. ஆனா ஈசிஜி, கண் புரை ஆபரேஷன், கிட்னி டெஸ்ட்டுக்கு ஆள் நேர்ல வந்தாகணும்.

13/ 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. அதுக்கப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக வழக்கு எடுத்து, சாலை, பஸ் வசதி பத்தி அரசைக் கேட்டது. அத்தனை சாவுக்குப் பிறகுதான் கேள்வியே வந்துச்சு.

14/ இந்த வரலாறு சொல்றது இதுதான்: சலுகை எப்பவும் பஸ் நிறைய ஓடற ஊரில்தான் பிறக்குது. மலைக்கு வர வருஷக்கணக்கு ஆகுது. தாத்தாவுக்கும் ஜீரோ டிக்கெட் வேணும். அதோட, காலை ஓபிக்கு வந்து இருட்டறதுக்குள்ள வீடு திரும்பற மாதிரி பஸ் நேரமும் வேணும்.

15/ அதுவரைக்கும் உங்க வீட்டுப் பெரியவரோட அடுத்த ரிவ்யூ தேதியை டாக்டர் குறிக்கும்போது, "எங்க ஊருக்கு பஸ் இந்த நேரம்தான்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. தயங்காதீங்க. பிரஷர் எவ்வளவுன்னு தெரியறது மாதிரி, அதுவும் எங்களுக்குத் தெரியணும்.