ஏவல் கேட்கும் பொறி: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் குரலாற் பொறிகளை ஏவ முயன்ற வரலாறு, இன்று இல்லங்களில் இடம்பெற்றுள்ள குரற்கருவிகளோடு தொடங்கியதன்று. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான ‘ஓட்றி’ என்னும் பொறி, பூச்சியம் முதல் ஒன்பது வரையான எண்களை இனங்கண்டது. 1962இல் சியாற்றில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்சிக்கு வைத்த ‘சூபொக்ஸ்’ 16 சொற்களை அறிந்திருந்தது. சொற்களைத் தனித்தனியே நிறுத்தி உச்சரித்தாலன்றி இவை விளங்கிக்கொள்ளா. அதாவது, மனிதனே பொறிக்கு இயையப் பேசவேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம் 1971 முதல் 1976 வரை பெருநிதி வழங்கிற்று. அதன் பயனாகக் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஹார்ப்பி’, 1011 சொற்களுக்குட்பட்ட தொடர்ப்பேச்சினை இனங்கண்டது. அங்கு இவ்வாய்வினை வழிநடத்திய ராஜ் ரெட்டி, சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், அடிப்படையான திருப்பம் ஐ.பி.எம். ஆய்வாளரிடமிருந்தே வந்தது. 1970களில் பிரெடெரிக் ஜெலினெக் குழுவினர், இலக்கண விதிகளைப் பொறிக்குப் புகட்டும் முயற்சியைக் கைவிட்டு, எச்சொல்லையடுத்து எச்சொல் வரக்கூடும் என்பதை நிகழ்தகவினாற் கணித்தனர். இம்முறைக்கு வேண்டியவை விதிகளல்ல. பெருந்தொகையான மொழி மாதிரிகளும் பேச்சுப் பதிவுகளுமே. அன்று தொட்டு மனிதர் பேச்சே இப்பொறிகளின் மூலப்பொருளாயிற்று.

2014இல் அமேசன் நிறுவனத்தின் ‘எக்கோ’வும், 2016இல் கூகிளின் ‘ஹோம்’ கருவியும் இல்லங்களுட் புகுந்தமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். குறித்த விழிப்புச்சொல்லை எதிர்பார்த்து இவற்றின் செவி எப்பொழுதும் திறந்திருக்கும். அச்சொல்லைத் தொடர்ந்து கூறப்படுவது தொலைவிலுள்ள கணனிகளுக்கு அனுப்பப்படும். அப்பதிவுகளிற் சிலவற்றை, பொறியின் திறனை மேம்படுத்தும் பொருட்டு, ஊழியர்கள் செவிமடுத்தமை 2019இல் வெளியாயிற்று. சிறுவரின் குரற்பதிவுகளை முறையின்றி வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கினைத் தீர்க்க, 2023இல் அமேசன் 2.5 கோடி டொலர் தண்டம் செலுத்த இணங்கிற்று.

முன்னர், பேசுவோர் ஆய்வுகூடத்தை நாடிச் சென்றனர். இன்று, ஆய்வுகூடமே இல்லத்தினுள் வந்துள்ளது. பேச்சுப் பதிவுகள் குறைந்த மொழியினர்க்கோ இஃது இருதலைச் சிக்கலாகும். குரலை வழங்காவிடின் பொறி அவர்தம் மொழியை விளங்கிக்கொள்ளாது. வழங்கினால் அக்குரல் பிறர் உடைமையாகும். ஆகவே, பொறி நம் ஏவலைக் கேட்கிறதா என்பதிலும், கேட்டது எவர்க்கு உரியது என்பதே இவ்வரலாறு எழுப்பும் தலையாய வினாவாகும்.